துருவேறாப் பெட்டிகள்

இருப்புப்பாதை என்றவுடன், முன்னே ஓர் எஞ்சினும் அதன் பின்னே வரிசையாகக் கோத்த பெட்டிகளும் மனக்கண்முன் தோன்றும். பெருநகரங்களுக்கிடையே ஆயிரம் பேரை ஒரே வேளையில் ஏற்றிச் செல்ல இவ்வமைப்பு மிகப் பொருத்தமானதே. ஆனால், சிற்றூர்கள் சிலவற்றை இணைக்கும் கிளைப்பாதையில் ஒரு வேளைக்கு நாற்பது ஐம்பது பேரே பயணம் செய்வர் எனின், நிலைமை வேறாகிவிடுகின்றது. அந்தச் சிலருக்காக, பயணிகள் அனைவரையும்விடப் பல மடங்கு எடையுள்ள எஞ்சினை இயக்க வேண்டும். அதனை ஓட்டுவதற்கு ஒருவரும், நீராவிக் காலமாயின் அடுப்பில் கரி இடுவதற்கு இன்னொருவரும் வேண்டும். பாதை முடியும் ஊரில் எஞ்சினைக் கழற்றித் திருப்பி, மறுமுனையில் கோக்க வேண்டும். பயணச்சீட்டு விற்ற பணம் எஞ்சினின் செலவுக்கே போதாது. வண்டியை நிறுத்திவிட்டால் கணக்கு நேராகிவிடும். ஊரார் நிலைதான் என்னாவது?

இந்த இக்கட்டிலிருந்து மீள, பயணிகள் அமரும் பெட்டிக்குள்ளேயே அதனை ஓட்டும் பொறியையும் அமைத்துவிடும் வழியைப் பொறியியல் அறிஞர் பலர் தேடினர். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே பெட்ரோல் எஞ்சின் பொருத்திய இத்தகைய பெட்டிகள் கிளைப்பாதைகளில் ஓடலாயின. அவை செலவைக் குறைத்தன என்பது உண்மையே. ஆயினும் அவற்றின் எஞ்சின் பயணிகளுக்குரிய இடத்தில் ஒரு பகுதியை அடைத்துக்கொண்டது; ஓசையும் அதிர்வும் மிகுதி. இக்குறைகளை நீக்கி, தானே ஓடும் பெட்டியைச் செம்மையாகச் செய்து காட்டியது பிலடெல்பியா நகரில் இருந்த பட் கம்பெனியாகும். அது செய்த பெட்டிகள், அவற்றை வாங்கிய இருப்புப்பாதைக் கம்பெனிகள் பல மறைந்த பின்னரும், புதிய ஊர்களில் புதிய பெயர்களோடு ஓடின.

எட்வர்டு பட் என்பவர் 1912ஆம் ஆண்டில் அக்கம்பெனியைத் தொடங்கினார். மரச்சட்டங்களால் மோட்டார் வண்டிகளின் மேற்கூடு செய்யப்பட்டுவந்த காலம் அது. முழுதும் எஃகினால் கூடு செய்து கொடுத்து அவர் பெயர் பெற்றார். 1930ஆம் ஆண்டினை ஒட்டி, தமிழர் இல்லங்களில் ‘எவர்சில்வர்’ என்று வழங்கும் துருப்பிடிக்காத எஃகின்மீது அவர் கருத்துச் சென்றது. சாதாரண எஃகோடு குரோமியமும் நிக்கலும் கலந்த இவ்வுலோகம் வலிமையிலும் சிறந்தது. மழையாலும் காற்றாலும் அரிக்கப்படுவதில்லை. வண்ணம் பூசவும் தேவையில்லை.

ஆயினும் இதனைக் கொண்டு வண்டி கட்டுவதற்கு ஒரு பெருந்தடை இருந்தது. எஃகுத் தகடுகளை ஒன்றோடொன்று பற்றவைக்கும்போது அவ்விடம் பழுக்கக் காய்கின்றது. அவ்வெப்பத்தில் சிறிது நேரம் நின்றாலும், உலோகத்திலுள்ள குரோமியம் அங்குள்ள கரியோடு கூடிவிடுகின்றது. துருவைத் தடுப்பதே குரோமியம் அன்றோ? அது தன் தொழிலை விட்டுப் பிரிந்துவிடவே, பற்றவைத்த இடம் அரிப்புக்கு இரையாகின்றது; வலிமையும் குன்றுகின்றது. பட் கம்பெனியின் பொறியாளராகிய ஏர்ல் ராக்ஸ்டேல் என்பவர் இதற்குத் தீர்வு கண்டார். மிகுந்த மின்சாரத்தை நொடியின் மிகச் சிறு பகுதிக்குள் ஒரு புள்ளியில் பாய்ச்சி நிறுத்திவிட்டால், தகடுகள் உருகி ஒட்டிக்கொள்ளும். வெப்பம் பரவுவதற்கும் குரோமியம் கரியோடு சேர்வதற்கும் காலம் கிடையாது. இம்முறைக்கு 1934ஆம் ஆண்டில் காப்புரிமை வழங்கப்பட்டது.

இம்முறை பயன் தரும் என்பதை ஊரறியக் காட்டுவதற்காக, கம்பெனியார் 1931ஆம் ஆண்டில் ஒரு விமானத்தையே துருப்பிடிக்காத எஃகினால் செய்தனர். அது பின்னர் பிலடெல்பியாவிலுள்ள பிராங்கிளின் அறிவியற் கழகத்தின் வாயிலில் நிறுத்தப்பட்டது. வெயிலிலும் பனியிலும் பல்லாண்டுகள் திறந்த வெளியில் நின்றும் அதன் உடல் சிதையவில்லை. 1934-இல் ‘பயனியர் செபிர்’ என்னும் புகழ்பெற்ற டீசல் ரெயில் அதே முறையில் கட்டப்பட்டு, டென்வரிலிருந்து சிக்காகோ வரை ஆயிரம் மைலுக்கு மேற்பட்ட தொலைவை விடியற்காலையில் புறப்பட்டு இரவு சூழுமுன் கடந்தது.

எட்வர்டு பட் 1946ஆம் ஆண்டில் மறைந்தார். அவர் தொடங்கிய கம்பெனி 1949-இல் வெளியிட்ட பெட்டிக்கு ‘ரெயில் டீசல் கார்’ என்று பெயர். மக்கள் அதனைச் சுருக்கமாகப் பட் பெட்டி என்றே அழைத்தனர். 85 அடி நீளம். பயணிகளுக்கு மட்டும் அமைந்த வகையில் ஏறத்தாழ 90 இருக்கைகள். இரு முனைகளிலும் ஓட்டுநர் நிற்பதற்கு இடம். எனவே பாதை முடியும் ஊரில் வண்டியைத் திருப்ப வேண்டியதில்லை. ஓட்டுநர் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்து சென்றால் போதும். கூட்டம் மிகும் நாளில் இரண்டு மூன்று பெட்டிகளைக் கோத்து, ஒரே ஓட்டுநர் முன்னிருந்து எல்லாவற்றையும் இயக்கலாம்.

பெட்டியின் அடித்தளத்திற்குக் கீழே இரண்டு டீசல் எஞ்சின்கள் சாய்வாகப் பொருத்தப்பட்டிருந்தன. தொடக்கத்தில் அவை ஒவ்வொன்றும் 275 குதிரைத்திறன் உடையவை. ஒவ்வோர் எஞ்சினும் ஓர் அச்சை மட்டும் சுழற்றியது. ஒன்று வழியில் பழுதானால் மற்றொன்றைக் கொண்டு பெட்டி மெல்ல வீடு திரும்பிவிடும். எஞ்சினைக் குளிர்விக்கும் ரேடியேட்டர்களுக்குக் கூரையின் நடுவே ஒரு மேடு அமைக்கப்பட்டது. தூசியும் பனியும் படியாத உயரம் அது. பட் பெட்டியைத் தொலைவிலிருந்தே இன்னதென்று காட்டும் அடையாளமும் அதுவே.

எஞ்சினின் விசை சக்கரத்தைச் சென்றடையும் விதமும் அறியத் தக்கது. இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றைச் சுழலவிட்டால், அதன் காற்றுப் பட்டு மற்றொன்றும் சுழலத் தொடங்குவதைக் காணலாம். காற்றுக்குப் பதிலாக எண்ணெய் நிரம்பிய கூட்டுக்குள் இவ்வாறு இரு சக்கரங்களை அமைத்து, இடையில் எண்ணெயின் போக்கைத் திருப்பும் இதழ்களையும் வைத்துவிட்டால், அது மெல்லிய சுழற்சியை வலிய முறுக்காக மாற்றித் தரும். போர்க்களத்து டாங்கிகளுக்காக உருவாக்கப்பட்ட இப்பொறியைப் பட் கம்பெனியார் பெட்டிக்கு ஏற்றவாறு திருத்திக்கொண்டனர். இதனால் நின்ற பெட்டி குலுக்கலின்றி எழுந்து ஓடியது. வேகம் ஒரு மட்டத்தைக் கடந்ததும் எண்ணெயின் துணையின்றி எஞ்சினும் அச்சும் நேரே இணைந்துகொள்ளும். மணிக்கு 85 மைல் வரை ஓட வல்லது இப்பெட்டி.

இவற்றையெல்லாம்விடப் பிற்காலத்தில் பயன் தந்தது மற்றோர் ஏற்பாடு. எஞ்சின் கீழே தொங்குவதால், அதனைக் கழற்றி இறக்கி வேறொன்றை மாட்டுவது பணிமனையில் சில மணி நேர வேலையாக இருந்தது. எஞ்சினுக்காகப் பெட்டி காத்துக் கிடக்கவேண்டிய நிலை இல்லை. உடல் வேறு, உயிர்ப்பு வேறு என்று பிரித்துவைத்த இந்த அமைப்புத்தான் பட் பெட்டிகளுக்கு மறுபிறவியை எளிதாக்கியது.

1949 முதல் 1962 வரை 398 பெட்டிகள் கட்டப்பட்டன. பயணிகளுக்கு மட்டும் ஒருவகை. சாமான் அறையும் சேர்ந்தது மற்றொரு வகை. தபால் பிரிக்கும் அறையும் சேர்ந்தது இன்னொரு வகை. பாஸ்டன் நகரைச் சூழ்ந்த பகுதியில் வண்டி ஓட்டிய பாஸ்டன்-மெயின் கம்பெனி நூற்றுக்கு மேற்பட்ட பெட்டிகளை வாங்கி, உள்ளவற்றுள் பெரிய தொகுதியை வைத்திருந்தது. கனடாவின் இரு பெரிய இருப்புப்பாதைகளும் வாங்கின. கியூபாவுக்கும் பிரேசிலுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும்கூடச் சில சென்றன. கலிபோர்னியாவின் ஓக்லண்டிலிருந்து சால்ட் லேக் நகரம் வரை, தொள்ளாயிரம் மைலுக்கு மேற்பட்ட மலையும் பாலைவனமும் சூழ்ந்த நெடும்பாதையில், ஒரே ஒரு பெட்டி தனித்து ஓடிய காலமும் உண்டு.

இப்பெட்டிகளின் வரலாற்றில் வேடிக்கையான நிகழ்ச்சி ஒன்றும் இடம்பெற்றுள்ளது. 1966ஆம் ஆண்டில் நியூயார்க் சென்ட்ரல் கம்பெனியார், அதிவேகத்தில் சக்கரமும் பாதையும் எவ்வாறு நடந்துகொள்ளும் என்று ஆராய விரும்பினர். பழைய பட் பெட்டி ஒன்றின் கூரைமீது விமானத்தின் ஜெட் எஞ்சின்கள் இரண்டை ஏற்றினர். ஒகையோ, இந்தியானா மாநிலங்களின் நேர்ப்பாதையில் அது மணிக்கு ஏறத்தாழ 184 மைல் வேகத்தில் பறந்தது! அதனினும் வியப்பு, ஆராய்ச்சி முடிந்ததும் ஜெட் எஞ்சின்களை இறக்கிவிட்டு அதே பெட்டியை மீண்டும் பயணிகளை ஏற்றிச் செல்லும் அன்றாட வேலைக்கு அனுப்பினர் என்பதுதான்.

ஆனால் காலம் இருப்புப்பாதைக்கு எதிராகத் திரும்பிக்கொண்டிருந்தது. அமெரிக்காவில் அகன்ற நெடுஞ்சாலைகள் பெருகின. வீட்டுக்கு ஒரு மோட்டார் வண்டி என்னும் நிலை வந்தது. 1967ஆம் ஆண்டில் அஞ்சல் துறையும் ரெயிலில் தபாலைப் பிரித்துச் செல்லும் வழக்கத்தைப் பெரும்பாலும் கைவிட்டது. கிளைப்பாதை வண்டிகள் பலவற்றைத் தாங்கி நின்றது தபால் வருவாயே. அது போனதும் வண்டிகளும் போயின.

பட் கம்பெனியே 1970களின் இறுதியில் புதிய வகைப் பெட்டி ஒன்றைச் செய்து பார்த்தது. அதன் பெயரின் முதல் எழுத்துகள் எஸ்.பி.வி. என்பன. அவ்வெழுத்துகளுக்கு ‘எப்போதாவது இயங்கும் வண்டி’ என்று வேறொரு விரிவைப் பணியாளர்கள் கேலியாகக் கற்பித்துவிட்டனர். அத்துணை முறை அது பழுதாகி நின்றது. 1987-இல் கம்பெனி இருப்புப்பாதைப் பெட்டி கட்டும் தொழிலையே விட்டுவிட்டது. பழைய பெட்டிகளுக்கு உறுப்புகள் தர அதைச் செய்தவரும் இல்லை. அவற்றின் இடத்தை நிரப்ப ஏற்ற புதியனவும் இல்லை. சிறுபாதைகளை நடத்தியவர்களுக்கு எஞ்சியது, கையில் உள்ளதைச் செப்பனிட்டுக்கொள்வது ஒன்றே.

பாஸ்டனில் நிகழ்ந்தது இதற்கு முதல் எடுத்துக்காட்டு. அந்நகரப் போக்குவரத்து ஆணையம் 1976-இல் பாஸ்டன்-மெயின் கம்பெனியின் பயணிகள் பெட்டிகளை விலைக்கு வாங்கியது. எஞ்சின்கள் தேய்ந்துபோயிருந்தன, உடல்களோ உறுதியாக இருந்தன. எனவே பல பெட்டிகளின் எஞ்சின்களை முற்றிலும் அகற்றி, அவற்றைச் சாதாரணப் பெட்டிகளாக ஒரு டீசல் எஞ்சினுக்குப் பின்னால் கோத்து இழுக்கச் செய்தனர். எஞ்சினே வேண்டாம் என்பதற்காகப் பிறந்த பெட்டி, முதுமையில் எஞ்சினின் பின்னே சென்றது! அவ்வாறு செய்தது தவறன்று. பாஸ்டனில் பயணிகள் கூட்டம் பெரிது. ஆறேழு பெட்டி கோத்து ஓட்டும் இடத்தில் ஒவ்வொரு பெட்டிக்கும் இரண்டு எஞ்சின்களைப் பேணுவது வீண் செலவே. தானே ஓடும் பெட்டியின் சிக்கனம் சிறு கூட்டத்திற்கே உரியது.

கனடாவில் பயணிகள் ரெயில்களை நடத்த 1977-இல் ‘வியா ரெயில்’ என்னும் அரசு நிறுவனம் அமைந்தது. இரு பெரிய கம்பெனிகளின் பட் பெட்டிகளும் அதன் வசமாயின. 1990 ஜனவரியில், செலவைக் குறைக்க வேண்டி அந்நாட்டு அரசு அந்நிறுவனத்தின் வண்டிகளில் ஏறத்தாழப் பாதியை ஒரே நாளில் நிறுத்தியது. ஊர்கள் பல ரெயிலை இழந்தன. பெட்டிகள் பல வேலை இழந்து கொட்டடிகளில் நின்றன.

அவற்றை நாடி வந்தது, தெற்கே டெக்சாஸ் மாநிலத்து டல்லாஸ் நகரம். டல்லாஸ், போர்ட் வொர்த் என்னும் இரு நகரங்களும், நொடித்துப்போன ராக் ஐலண்டு கம்பெனியின் பாதையை 1983-இல் வாங்கி வைத்திருந்தன. வழி இருந்தது; வண்டி இல்லை. 1993-இல் கனடாவிலிருந்து 13 பட் பெட்டிகள் வாங்கப்பட்டன. மாண்ட்ரியல் நகரில் அவற்றைப் பிரித்துப் புதுப்பித்தனர். 1996 டிசம்பர் இறுதியில் டல்லாசிலிருந்து இர்விங்கு வரை, பத்து மைல் தொலைவுக்கு, முதல் வண்டி ஓடியது. 2001-இல் அது போர்ட் வொர்த் நகரை அடைந்தது. பாதை நீண்டு கூட்டமும் பெருகியபோது, மாடிப்பெட்டிகளை எஞ்சின் இழுக்கும் பெரிய வண்டிகள் வந்தன. பழைய பெட்டிகள் கூட்டம் குறைந்த வேளைகளுக்கு ஒதுங்கின. புதிய சேவை ஒன்று வேரூன்றும்வரை தாங்கி நின்ற பந்தற்கால் என்று அவற்றைக் கூறலாம். 2011-இல் அருகிலுள்ள டென்டன் வட்டாரத்தில் புதிய ரெயில் தொடங்கியபோது, அதற்குரிய சுவிட்சர்லாந்து வகைப் பெட்டிகள் ஆயத்தமாகும்வரை இப்பெட்டிகளே அங்கும் இரவலாகச் சென்று உழைத்தன.

உலகில் வேறு பெட்டிகள் இல்லையா, ஏன் இம்முதிய பெட்டிகளையே தேட வேண்டும் என்னும் ஐயம் எழலாம். இதற்கு விடை அமெரிக்கச் சட்டத்தில் உள்ளது. அந்நாட்டில் மிகக் கனமான சரக்கு வண்டிகள் ஓடும் பாதையிலேயே பயணி வண்டிகளும் ஓட வேண்டியுள்ளது. மோதல் நேர்ந்தால் பெட்டி நசுங்காதிருக்க, அதன் சட்டம் நீளவாட்டில் எட்டு இலட்சம் இராத்தல் அழுத்தத்தைத் தாங்க வேண்டும் என்பது நெடுங்காலம் நிலவிய விதி. ஐரோப்பாவின் இலேசான டீசல் வண்டிகள் அவ்விதிக்கு அடங்கமாட்டா. தனிச் சலுகை பெற்றாலன்றி அவற்றைச் சரக்கு வண்டிகளோடு கலந்து ஓட்ட இயலாதிருந்தது. பட் பெட்டிகளோ இவ்வலிமையோடே பிறந்தவை. வேறு வகை வலிமைச் சோதனைகளையும் ஏற்றுக்கொள்ளும் வகையில் அவ்விதி 2018-இல் விரிவாக்கப்பட்டது.

ஓரிகன் மாநிலத்தில் இதன் அருமை நன்கு விளங்கியது. பீவர்ட்டன், வில்சன்வில் என்னும் ஊர்களுக்கிடையே 2009 பிப்ரவரியில் ஒரு சிறு ரெயில் சேவை தொடங்கியது. அதற்குப் புத்தம்புதிய பெட்டிகள் நான்கைக் கட்டிக்கொடுத்த கம்பெனி, சேவை தொடங்குமுன்னரே தொழிலை மூடிவிட்டது. ஒரு பெட்டி பழுதானால் மாற்றுப் பெட்டி செய்து தர எவரும் இல்லை. எனவே அலாஸ்கா இருப்புப்பாதையிலிருந்து, 1950களின் தொடக்கத்தில் கட்டப்பட்ட பட் பெட்டிகள் இரண்டை 75,000 டாலருக்கு வாங்கிப் பழுதுபார்த்து, 2011 முதல் துணைக்கு வைத்துக்கொண்டனர். புதிய பெட்டிகளுக்கு ஊறு நேர்ந்தபோது, அரை நூற்றாண்டைக் கடந்தவை வந்து தோள்கொடுத்தன. டல்லாஸ் தன் பெட்டிகளுள் 12-ஐ 2017-இல் வெர்மான்ட் மாநிலத்துத் தனியார் ஒருவருக்கு விற்றது. தம் மாநிலத்து ஊர்களை ரெயிலால் இணைக்க வேண்டும் என்பது அவர் அவா. ஆயினும் பெட்டி கையில் இருந்தும், பாதைக்குரியவரின் இசைவும் அரசின் துணையும் உடனே கைகூடாமையால், அவை நின்ற இடத்திலேயே நின்றன. அவற்றுள் இரண்டை ஓரிகன் வாங்கிக்கொண்டது.

பழைய பெட்டியின் விலை குறைவு. அதனைப் பேணும் செலவு குறைவன்று. இதனை மறந்தவர்கள் இடர்ப்பட்டனர். இங்கிலாந்தில் அண்மையில் நிகழ்ந்தது இதனை விளக்கும். இலண்டன் சுரங்க ரெயிலின் டிஸ்ட்ரிக்ட் பாதையில் ஓடிய பெட்டிகள் 2017-இல் ஓய்வு பெற்றன. 1980ஆம் ஆண்டை ஒட்டிக் கட்டப்பட்ட அவற்றின் அலுமினிய உடல்கள் நல்ல நிலையில் இருந்தன. விவாரெயில் என்னும் சிறு கம்பெனி அவற்றை வாங்கி, சுரங்கத்து மின்சாரப் பெட்டிகளை நாட்டுப்புறத்து டீசல் பெட்டிகளாக மாற்றியது. சரக்கு மோட்டாரில் வரும் எஞ்சின்களைச் சட்டத்தில் அமைத்துப் பெட்டியின் அடியில் மாட்டினர். பழுதானால் அந்தச் சட்டத்தையே கழற்றி மற்றொன்றைப் பொருத்தலாம். அரைநூற்றாண்டுக்கும் மேற்பட்ட காலத்துக்கு முன் பட் கம்பெனியார் கொண்ட கருத்தே இது.

அப்பெட்டிகள் 2019 முதல் பெட்போர்டு, பிளெட்ச்லி நகரங்களுக்கிடையே ஓடின. 2022 டிசம்பரில் அச்சிறு கம்பெனி நொடித்துப்போயிற்று. பெட்டிகளைப் பேணும் அறிவும் உறுப்புகளும் அதனிடமே இருந்தமையால், அப்பாதையில் ரெயில் முற்றிலும் நின்றது. ஏறத்தாழ ஓராண்டுக் காலம் ஊரார் பேருந்துகளில் அலைந்தனர். அதே வகைப் பெட்டிகளை வாங்கியிருந்த வேல்சு நாட்டு ரெயில் நிருவாகம் தானே பேணும் பொறுப்பை ஏற்றுக்கொண்டதால், ரெக்சம் நகரத்துப் பாதையில் அவை 2023-இல் ஓடத் தொடங்கின. பெட்டி ஒன்றே, பணிமனை வேறு.

பணிமனை இருந்தும் பயன்படாத இடமும் உண்டு. கனடாவின் மேற்குக் கரையிலுள்ள வாங்கூவர் தீவில், விக்டோரியா நகரிலிருந்து கோர்ட்டனே வரை 140 மைல் தொலைவுக்குப் பட் பெட்டிகள் ஓடின. 2011 மார்ச்சில் அவ்வண்டி நிறுத்தப்பட்டது. பெட்டிகளில் குற்றமில்லை. பாதையின் குறுக்குக் கட்டைகள் உளுத்துப்போயின. தண்டவாளங்களைத் தாங்கும் உறுதி அவற்றுக்கு இல்லை. பாதையைச் சீராக்கப் பணம் திரட்டும் முயற்சிகள் நீண்டனவேயன்றி வண்டி மீளவில்லை. துருவேறா எஃகினால் பெட்டியைக் கட்டியவர்கள், மரக்கட்டைக்கும் அவ்வாறு ஒரு காப்புச் செய்திருக்கக்கூடாதா என்று எண்ணத் தோன்றும்.

இவை யாவும் ஒருங்கே கூடி நின்ற இடம், கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்துச் சட்பரி, ஒயிட் ரிவர் ஊர்களுக்கிடையேயுள்ள பாதையாகும். இதன் தொலைவு 301 மைல். ஒயிட் ரிவர் சிற்றூரே. எனினும் உலகச் சிறுவர்க்கு அதனோடு ஓர் உறவு உண்டு. 1914-இல் போருக்குச் சென்ற படையைச் சேர்ந்த கால்நடை மருத்துவர் ஒருவர், அவ்வூர் ரெயில் நிலையத்தில் கரடிக் குட்டி ஒன்றை 20 டாலருக்கு வாங்கினார். ‘வின்னி’ என்று பெயர் பெற்று இலண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் வளர்ந்த அக்கரடியின் பெயரே, குழந்தைக் கதைகளில் வரும் வின்னி-த-பூ என்னும் கரடிக்கு இடப்பட்டது.

சட்பரியிலிருந்து பட் பெட்டி வாரத்தில் மூன்று நாள் புறப்பட்டு, மறுநாள் ஒயிட் ரிவரிலிருந்து திரும்பும். 2010ஆம் ஆண்டை ஒட்டி இப்பாதைப் பெட்டிகளைப் புதுப்பிக்கும் வேலை மேற்கொள்ளப்பட்டது. 2020களிலும் அவை அங்கு ஓடின. வழிநெடுக அடர்ந்த காடும் ஏரிகளுமே உள்ளன. பல இடங்களுக்குக் கார் செல்லும் சாலை கிடையாது. இருந்தாலும் பனிக்காலத்தில் பயன்படாத மரம் வெட்டுவோர் தடமாக இருக்கும். ஏரிக்கரைக் குடில்களில் தங்குவோர், மீன்பிடிப்போர், வேட்டைக்குச் செல்வோர், பழங்குடி மக்கள் ஆகியோருக்கு வெளியுலகோடு தொடர்பு இப்பெட்டியே.

பாதையோரம் காத்திருப்பவர் பெட்டி வருவதைக் கண்டு கையை உயர்த்திக் காட்டினால் ஓட்டுநர் நிறுத்துவார். நிலையமோ மேடையோ அங்கு இராது. இறங்க வேண்டியவர் எத்தனையாவது மைலில் இறங்க வேண்டும் என்பதை முன்கூட்டிச் சொல்லி வைப்பார். பாதையோரத்து மைல்கல்லே அவருக்கு முகவரி. பெட்டி நின்றதும் சாமான் அறையின் அகன்ற கதவு திறக்கும். உணவு மூட்டைகள், எண்ணெய்க் கலங்கள், மீன்பிடிக் கோல்கள் ஆகியவை கைமாறி இறங்கும். நீண்ட ஓடங்களையும் இருவராகப் பிடித்து இறக்குவர். எழுபது ஆண்டுகளுக்கு முன் தபால் பைகளுக்கும் பால் கலங்களுக்கும் என்று அளவெடுத்துச் செய்த அறைதான் அது. இறங்கியவர் ஓடத்தைத் தலைக்குமேல் கவிழ்த்துச் சுமந்து மரங்களுக்கிடையே மறைவார். ஓட்டுநர் அடுத்த மைல்கல்லை நோக்கிப் பெட்டியைச் செலுத்துவார்.